குட்டியை விரட்டினால் தெள்ளு போகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தெருவில் போன மாதம் ஒரு வீட்டில் மூன்று பூனைக்குட்டிகளைச் சாக்குப்பையில் போட்டுக் கட்டி, ஸ்கூட்டரில் கொண்டுபோய் மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வந்தார்கள். ஆசையாக எடுத்து வளர்த்தவர்கள்தான். அன்றைக்கு முழுக்க அந்த வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. காரணம் கேட்டால் தெள்ளு. "வீடு பூரா தெள்ளுங்க, கடி தாங்கல, வேற என்ன பண்றது?" என்றார் அந்த வீட்டு அம்மா. குட்டிகள் போய் இரண்டு வாரம் கழித்தும் அங்கே தெள்ளு கடித்துக்கொண்டுதான் இருந்தது, முன்னைவிட அதிகமாக. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு ஐப்பசி மழையில் வந்தவை இரண்டு. மாடிப்படிக்குக் கீழே செருப்பு வைக்கிற இடத்தில் நனைந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தன. தாய்ப்பூனை வரும் என்று ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தோம், வரவில்லை. சாம்பல் நிறம் ஒன்று, மஞ்சளும் வெள்ளையுமாக ஒன்று, இரண்டும் ஒரு கையில் அடங்கிவிடும். பழைய சேலையைச் சுருட்டிக் கூடத்தில் படுக்கை போட்டோம். பத்து நாளில் என் மகளுக்குக் கொலுசு போடுகிற இடத்தைச் சுற்றிச் சிவப்பு சிவப்பாகத் தடிப்பு. கொசு என்று நினைத்து ராத்திரி முழுக்கச் சுருள் கொளுத்தி வைத்தோம். என் அம்மாதான் பார்த்துவிட்டு, "இது கொசு இல்லடா, தெள்ளு. குட்டியோட வால் பக்கம் முடிய வெலக்கிப் பாரு" என்றார்.

விலக்கிப் பார்த்தால் மிளகுத்தூள் தூவினது போலக் கருப்புத் துகள். ஈரப் பஞ்சில் வைத்ததும் அதைச் சுற்றித் துரு நிறத்தில் கசிந்தது. அது மண் இல்லை, தெள்ளின் எச்சம், அதாவது குட்டியிடம் குடித்த ரத்தம். யாருக்காவது சந்தேகம் இருந்தால் இதைச் செய்து பார்த்தாலே போதும். பலர் இதை உண்ணி என்கிறார்கள். உண்ணி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு ஊதும், தெள்ளு முடிக்குள் ஓடும், தாவும், விரலுக்குச் சிக்காது. இரண்டும் வேறு.

அப்புறம் நான் செய்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்னொரு வீட்டில் அது நடக்கக் கூடாது. கால்நடை மருந்து விற்கும் ஒரு கடைக்குப் போய்ப் பூனைக்குத் தெள்ளு மருந்து வேண்டும் என்றேன். நாய்ப் பவுடர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். இது நாய்க்கு ஆயிற்றே என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான் சார், கொஞ்சமா போடுங்க" என்றார்கள். சாயங்காலம் போட்டேன். ராத்திரி பதினொரு மணிக்கு மஞ்சள் குட்டியின் காது துடிக்க ஆரம்பித்தது, பிறகு முகம், பிறகு உடம்பு முழுக்க நடுக்கம், வாயில் எச்சில் வழிந்தது. தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவருக்குப் போன் செய்தோம். பாத்திரம் கழுவும் சோப்பு நீரை வெதுவெதுப்பாக வைத்து உடனே குளிப்பாட்டுங்கள், ஈரம் போகத் துடைத்துச் சூடாகப் பொத்தி வையுங்கள், விடிந்ததும் கொண்டு வாருங்கள் என்றார். என் மனைவி விடியும் வரை அதை மடியிலேயே வைத்திருந்தாள். பிழைத்துவிட்டது. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் அதில் இருந்தது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. பூனைக்குப் போடக் கூடாது என்று பின்பக்கத்தில் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்கிற மாதிரி எழுத்தில் போட்டிருந்தது. நாயின் உடம்பு அந்த மருந்தை உடைத்து வெளியேற்றிவிடும், பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் மிகவும் குறைவு என்று மருத்துவர் விளக்கினார். பினாயில் ஊற்றித் தரை துடைப்பது, அந்துருண்டை போடுவது, எறும்புக்குக் கோடு போடுகிற சாக்பீஸ், இதெல்லாமும் பூனை நடமாடுகிற வீட்டில் வேண்டாம் என்றார். பூனை பாதத்தை நக்கும், தரையில் இருப்பதெல்லாம் வயிற்றுக்குள் போய்விடும்.

அதே நேரத்தில் தெள்ளைச் சும்மா விடவும் முடியாது. மருத்துவர் சாம்பல் குட்டியின் உதட்டைத் தூக்கிக் காட்டினார், ஈறு வெளுத்துத் துணி மாதிரி இருந்தது. இத்தனை சிறிய உடம்பில் இருக்கும் ரத்தமே கொஞ்சம், அதைத் தினமும் நூறு வாய் குடித்தால் குட்டி செத்தே போகும். நக்கும்போது தெள்ளை விழுங்கினால் நாடாப்புழுவும் வரும், மலவாயைச் சுற்றி அரிசி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுதான். எடை போட்டுப் பார்த்து அந்த வயதுக்கு ஏற்ற, தெள்ளைக் கொல்லும் ஃபிப்ரோனில் மருந்தும் புழு மருந்தும் கொடுத்தார். இந்த அளவை நாமாகக் கண்திட்டமாக முடிவு செய்யவே கூடாது. மருந்து போடாத நாட்களில் பேன் சீப்பு. நாம் தலை வாரக் கடையில் கிடைக்கிற அதே நெருக்கமான பல்லுள்ள சீப்புதான், கழுத்திலும் வாலடியிலும் சீவி, சீவியதைச் சோப்புத் தண்ணீரில் முக்கினால் தெள்ளு மூழ்கிவிடும். வெறும் தண்ணீரில் போட்டால் சாகாது, தாவிவிடும்.

எங்களுக்குப் புரியாமல் இருந்த விஷயம் இனிமேல்தான். ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40 முட்டைகூட இடும். முட்டை முடியில் ஒட்டாது, குட்டி படுக்கிற, ஓடுகிற, தூங்குகிற இடமெல்லாம் உதிரும். முட்டையிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்குப் பயந்து பாயின் அடியிலும் கட்டில் காலுக்குப் பின்னாலும் தரை வெடிப்பிலும் போய் ஒளிந்துகொண்டு, உதிர்ந்த அந்தக் கருப்புத் துகளையே தின்று வளரும். பிறகு கூடு கட்டும். கூட்டின் மேல் தூசி ஒட்டிக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியாது, எந்த மருந்தும் உள்ளே போகாது. கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில்கூடக் காத்திருக்கும், காலடி அதிர்வும் உடம்புச் சூடும் மூச்சுக் காற்றும் பட்டால் உடனே வெளியே வரும். ஒரு வீட்டில் உள்ள தெள்ளில் 100க்கு 5தான் குட்டியின் மேல் இருக்கும், மீதி முட்டையாக, புழுவாக, கூடாக வீட்டில் இருக்கும் என்று சொல்கிறார்கள். கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்காகக் குட்டிகளையும் கூடையில் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் ஒரு வாரம் வீட்டைப் பூட்டி வைத்திருந்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்து கூடத்தில் நாலு எட்டு வைத்திருப்பேன், வெள்ளை வேட்டியின் கரை ஓரம் கடுகு தெளித்த மாதிரி ஆகிவிட்டது. குட்டிகள் இன்னும் ஆட்டோவில்தான் இருந்தன. பழி மட்டும் அவற்றின் மேல் விழுகிறது.

ஆகவே வைத்தியம் வீட்டுக்குத்தான் முக்கியம். நாங்கள் செய்தது இது: குட்டிகளின் படுக்கைத் துணியை மூன்று நாளுக்கு ஒரு முறை கொதிக்கும் நீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போட்டோம். எங்கள் பாய், தலையணை உறை, மிதியடி எல்லாமும் கூடவே. கட்டிலையும் பீரோவையும் நகர்த்தி மூலை மூலையாகப் பெருக்கினோம், எங்கள் பழைய சிமென்ட் தரையின் வெடிப்புகளைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தோம். தினமும் பெருக்கிய குப்பையை வீட்டுக்குள் வைக்காமல் பையில் கட்டி உடனே வெளியே போட்டோம். சோபாவுக்கு மட்டும் பக்கத்து வீட்டு வேக்குவம் கிளீனர். வேப்பிலைத் தண்ணீரும் தெளித்துப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் பலன் தெரியவில்லை. இரண்டாவது வாரம் மறுபடியும் நிறையத் தெள்ளு வந்தது. இந்த இடத்தில்தான் எல்லோரும் மருந்து பலிக்கவில்லை என்று மனம் தளர்ந்து சாக்குப்பையைத் தேடுகிறார்கள். அது பழைய கூடுகள் திறக்கிற நேரம், அவ்வளவுதான். அவை குட்டியின் மேல் ஏறி மருந்தில் செத்தன. மாதம் ஒரு தடவை மருந்தைத் தொடர்ந்து போட்டோம், தை பிறந்த பிறகு ஒரு கடிகூட இல்லை.

தங்கள் பத்திரிகை வழியாக மூன்று கோரிக்கை வைக்கிறேன். செல்லப் பிராணி மருந்துகளில், பூனைக்குப் போடக் கூடாது என்பதைத் தமிழில், முன்பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற அளவில் போட வேண்டும். கால்நடை மருந்து விற்பவர்கள் நாய்க்கா பூனைக்கா என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மருந்தை எடுக்க வேண்டும். அரசுக் கால்நடை மருந்தகங்களின் சுவரில் ஆடு மாடு நோய்களுக்கு எத்தனையோ பலகை மாட்டியிருக்கிறார்கள், தெள்ளுக்கும் ஒன்று மாட்டலாம்.

எங்கள் தெருக் குட்டிகளைத் தேடி மீன் மார்க்கெட்டுக்கு இரண்டு நாள் காலையில் போனேன். மூன்றில் ஒன்றுதான் கிடைத்தது, ஐஸ் பெட்டிகளுக்கு இடையில் உட்கார்ந்திருந்தது. தூக்கியதும் விரலிடுக்கில் தெள்ளு ஓடியது. இப்போது எங்கள் குளியலறையில் தனியாக வைத்திருக்கிறோம், இன்றோடு ஆறு நாளாகச் சீவுகிறேன். நேற்று சீப்பில் நான்கு வந்தது, இன்று காலையில் ஒன்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்