ஒரு ஊசியில் ஒரு மாத மருந்து

ஆசிரியருக்கு,

மாத்திரை போட மறப்பவர்களைப் பற்றிய கட்டுரை படித்தேன். மருந்தை மிகச் சிறிய உருண்டைகளில் அடைத்துப் போடும் நுண்கோள ஊசியையும் சொல்லியிருக்கலாம்.

என் அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். அதற்கான லியூப்ரோலைடு என்ற மருந்தின் ஊசி மாதம் ஒருமுறைதான். மருந்து பிஎல்ஜிஏ என்ற, உடலில் கரையும் பிளாஸ்டிக் போன்ற பாலிமரின் பொடி உருண்டைகளுக்குள் இருக்கிறது. அறுவை சிகிச்சையில் போடும், தானே கரையும் தையல் நூலும் இந்த வகைப் பொருள்தான். உடலின் ஈரத்தில் உருண்டை மெல்லச் சிதைய, மருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். இந்த ஊசிக்கு அமெரிக்காவில் 1989-லேயே அனுமதி கிடைத்துவிட்டது.

நர்ஸ் பொடியில் திரவத்தைச் சேர்த்துக் கலக்கியதும் பால் போல ஆனது. வைத்திருந்தால் அடியில் படிந்துவிடும் என்று உடனே போட்டார்.

மனநோய்க்கு ரிஸ்பெரிடோனும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இப்படி உண்டு. தினமும் மாத்திரைக்காகப் போராடும் குடும்பங்களுக்காக விரிவாக எழுதுங்கள். அப்புறம், போட்டபின் மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

– ஒரு வாசகர்