நங்கூரம் பாய்ச்சுவதா, நீரோட்டத்தோடு விடுவதா?

ஹோமர், அலாஸ்கா

அன்புள்ள குமரா,

உன் கடிதம் கிடைத்தது. இருபது ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லியே தள்ளிப்போட்டு வந்த நீ, கடைசியில் கனடாவின் விக்டோரியாவில் 18 அடிப் படகு ஒன்றை வாங்கிவிட்டாய் என்று படித்ததும் மகிழ்ந்தேன். உங்கள் ஊரருகே கடலடி மேடான கான்ஸ்டன்ஸ் திட்டில் ஹாலிபட் மீன் பிடிக்க நங்கூரம் பாய்ச்ச வேண்டுமா, படகை நீரோட்டத்தோடு போகவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறாய். உங்கள் பக்கத்தார் பெரும்பாலும் நங்கூரத்தைத்தான் சொல்வார்கள். நானும் பாதிவரை அவர்கள் கட்சியே.

நம் ஊர்ச் சந்தையில் எருமைநாக்கு என்று ஒரு தட்டை மீன் விற்பார்களே, அதைப்போல ஹாலிபட்டும் கடல் தரையோடு கிடக்கும் மீன்தான். ஆனால் அளவில் ஒப்பிடவே முடியாது. 1996இல் டச்சு ஹார்பரில் தூண்டிலில் ஏறிய ஒன்று 459 பவுண்டு இருந்தது. இரையைக் கண்ணால் மட்டுமின்றி மோப்பத்தாலும் தேடும் மீன் என்பதால்தான் நங்கூரம் பலன் தருகிறது. ஒரு மூலையில் போட்ட சாம்பிராணி காற்று போகும் திசையெல்லாம் மணப்பதுபோல, ஒரே இடத்தில் இரையாகக் கிடக்கும் ஹெர்ரிங் மீனின் எண்ணெய் மணம் நீரோட்டத்தின் வழியே நெடுந்தூரம் இறங்கிச் செல்கிறது. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு மீன் எதிர்த்து ஏறி வருகிறது. அதற்கு நேரமாகும். இருபது நிமிடம் பார்த்துவிட்டு நங்கூரத்தைத் தூக்குகிறவன், தன் இரையைத் தேடி வந்துகொண்டிருக்கும் மீனை அடுத்த படகுக்காரனுக்கு விட்டுக்கொடுக்கிறான். இரை கொக்கியில் நிலைக்க வேண்டுமென்றால் ஹெர்ரிங்கோடு ஒரு துண்டு ஆக்டோபஸையும் சேர்த்துக் கோத்துவிடு.

மீன் எங்கே கிடக்கிறது என்று தெரியாத புது இடத்தில் இந்தப் பொறுமைக்குப் பொருளில்லை. அங்கே படகை ஓட்டத்தோடு விட்டு, சரளைத் தரையையும் மேடுகளின் ஓரங்களையும் துழாவிப் பார்ப்பதே சரி. படகும் நீரும் ஒன்றாக நகர்வதால் சிறிய ஈயக்குண்டே அடியைத் தொட்டுவிடும். நங்கூரத்தில் நின்றால் அதே ஓட்டத்துக்கு இரண்டு, மூன்று பவுண்டு ஈயம் வேண்டும். காற்றும் ஓட்டமும் எதிரெதிராக இருக்கும் நாளில் மட்டும் ஓட்டத்தோடு விடும் முறை கைகொடுக்காது. நூல் படகுக்கு அடியில் புகுந்துவிடும்.

ஆகவே நான் முதலில் பார்ப்பது ஓத அட்டவணையை. இங்கே பெரிய ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு 25 அடியையும் தாண்டும். அவ்வளவு நீரும் ஆறு மணி நேரத்தில் ஓடித் தீர வேண்டும். அத்தகைய நாளில் ஓட்டம் ஓய்ந்து நிற்கும் வேளையை ஒட்டி மட்டுமே நங்கூரம் பாய்ச்சுவேன். அரைநிலா நாட்களை ஒட்டி ஓதம் தளர்ந்திருக்கும்போது நாள் முழுக்க நின்றாலும் கவலையில்லை.

இதைப் பட்டுத்தான் கற்றேன். சென்ற ஜூனில் என் மருமகனோடு போயிருந்தபோது, மீன் கடிக்கும் மும்முரத்தில் வற்றத்தின் ஓட்டம் வலுத்ததைக் கவனிக்காமல் விட்டேன். நங்கூரம் பாறையில் சிக்கிக்கொண்டது. கயிறு விறைத்து, படகின் முன்பக்கமான அணியம் நீருக்குள் அழுந்தத் தொடங்கியது. கயிற்றில் பெரிய மிதவை கட்டியிருந்ததால், இருந்த இடத்திலேயே எல்லாவற்றையும் அவிழ்த்து விட்டுவிட்டு விலகினோம். மூன்று மணி நேரம் கழித்து ஓட்டம் தளர்ந்தபின் திரும்பி வந்து, கயிற்றில் மிதவையை வளையத்தோடு கோத்து, ஓட்டத்தை எதிர்த்துப் படகைச் செலுத்தியபோது மிதவையே நங்கூரத்தை மேலே இழுத்துக் கொடுத்தது. அதே கயிற்றைப் பின்பக்கம் கட்டியிருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். இயந்திரத்தின் பாரத்தால் ஏற்கெனவே தாழ்ந்திருக்கும் பின்பலகை வழியாக நீர் ஏறினால் சிறு படகுக்கு மீட்சியில்லை. எந்த அவசரத்திலும் பின்பக்கம் கட்டாதே. கைக்கெட்டும் இடத்தில் ஒரு கத்தியும் இருக்கட்டும். பெரிய மீன் பிடிபட்டாலும் மிதவையோடு கயிற்றை விட்டுவிட்டு மீனின் பின்னே போகலாம்.

நங்கூரத்தில் நின்று போட்ட இரையின் மணத்துக்கு நாய்ச்சுறாக்களும் கூட்டமாக வந்து சேரும். அவை வந்தால் நான் வாதாடுவதில்லை, இடத்தை மாற்றிவிடுவேன்.

1923 ஒப்பந்தப்படி அமைந்த ஹாலிபட் ஆணையம் அமெரிக்கா, கனடா என்ற நம் இரு நாடுகளுக்கும் பொதுவானதுதான் என்றாலும், பிடிக்கும் எண்ணிக்கையும் அளவும் உங்கள் பக்கம் வேறு. புறப்படுமுன் இந்த ஆண்டு விதியைப் படித்துக்கொள். உன் படகில் கயிறு எத்தனை அடி இருக்கிறது, சங்கிலி இருக்கிறதா என்று எழுது. 150 அடி ஆழத்துக்கு 450 அடிக்குக் குறையாமல் வேண்டும். விற்றவர் கொடுத்த கயிற்றை நம்பி இறங்கிவிடாதே.

அன்புடன்,
செல்வம்