விடுமுறை எந்த மாவட்டத்துக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடைமழை நாட்களில் அச்சு நாளிதழ், 'நாகை மாவட்டப் பள்ளிகளுக்கு இன்று விடுமுறை' என்று தலைப்பிலேயே சொல்லிவிடும். இணையத்தில் அதே செய்தி, 'பள்ளிகளுக்கு விடுமுறை... எந்த மாவட்டம் தெரியுமா?' என்று வருகிறது. பதில், விளம்பரங்களைத் தாண்டி நாலாவது பத்தியில். காலையில் பிள்ளையைக் கிளப்பிக்கொண்டிருக்கும் தாய்க்கு இது அநியாயம். முக்கியமானதை முதலில் சொல் என்பதுதானே நிருபர்களுக்கான முதல் பாடம்!

இணையத்தால் நன்றாகவும் சொல்ல முடியும். 2012-ல் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் மாநிலப் பனிச்சரிவு பற்றிய நெடுங்கட்டுரையில் எழுத்தோடு காணொளியையும் நகரும் வரைபடங்களையும் கோத்துத் தந்தது; மறு ஆண்டு அதற்கு, இதழியலுக்கான உயரிய அமெரிக்க விருதான புலிட்சர் பரிசு. டெல்டா வெள்ளத்தை நம் நாளிதழ்களும் அப்படிச் சொல்ல வேண்டும். அதுவரை, தலைப்பில் மாவட்டத்தின் பெயரையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மயிலாடுதுறை