அந்தக் கயிறு அறுந்ததா?

அன்பு மகளுக்கு,

ஸ்தோத்திரம். நேற்று ராத்திரி போனில் சின்னவன் "தாத்தா, இயேசுவைக் காட்டிக்கொடுத்தானே யூதாஸ், அவன் தூக்குப் போட்டுக்கிட்டானா, விழுந்து செத்தானா?" என்று கேட்டதும், சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன் அல்லவா, சிக்னலெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

இதே கேள்வியை ஏழாம் வகுப்பு படிக்கும்போது நீ கேட்டாய். உங்கள் சண்டே ஸ்கூல் வாத்தியாரும் நான்தான். மத்தேயு 27-இல் வரும் 'நான்றுகொண்டு செத்தான்' என்பதற்குத் தூக்குப் போட்டுச் செத்தான் என்று அர்த்தம் சொல்லிக் கொடுத்துவிட்டு அப்பாடா என்று நிமிர்ந்தால், நீ அப்போஸ்தலர் 1-ஐத் திறந்து வைத்துக்கொண்டு, இங்கே தலைகீழாக விழுந்து வயிறு வெடித்தது என்றல்லவா இருக்கிறது என்றாய். கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்றேன். அந்தக் கயிறு வேதத்தில் எங்கேயும் அறுந்ததில்லை. எங்கள் வாத்தியார் எனக்கு அறுத்துக் கொடுத்தார், நான் உனக்கு அறுத்துக் கொடுத்தேன். நீ விடவில்லை, "அப்போ நிலத்தை வாங்கினது யாரு?" என்றாய். மத்தேயுவில் அவன் காட்டிக்கொடுத்து வாங்கிய முப்பது வெள்ளிக்காசை எறிந்துவிட்டுப் போன பிறகு பிரதான ஆசாரியர்கள் குயவனுடைய நிலத்தை வாங்குகிறார்கள், அப்போஸ்தலரில் அவனே வாங்குகிறான். எனக்குப் பதில் தெரியவில்லை, அதனால் பிரம்பை மேஜையில் தட்டி "அதிகப்பிரசங்கி, உட்காரு" என்றேன்.

அதற்குப் பிறகு நீ என்னிடம் வேதத்தைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

சரி, இப்போது சொல்கிறேன். அவன் காசில் வாங்கியதால் அவன் வாங்கியதாகவே கணக்கு என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் வேதம் அப்படிச் சொல்லவில்லை. நாலு பேர் ஒரு விபத்தைப் பார்த்தால் நாலு விதமாகச் சொல்வார்கள் என்ற உதாரணத்தையும் சின்னவனிடம் எடுக்காதே, மத்தேயுவோ, அப்போஸ்தலரை எழுதிய லூக்காவோ அங்கே நின்று பார்த்ததாகச் சொல்லவே இல்லை. அந்தக் காசு, அவனுடைய கோரச் சாவு, இரத்தநிலம் என்ற பெயர், இவை ரெண்டிலும் இருக்கின்றன. மற்றது பொருந்தவில்லை. பொருந்தவில்லை என்று ஒரு பையனிடம் சொல்வதால் விசுவாசம் இடிந்து விழுந்துவிடாது.

இது சபைக்குத் தெரியாத சங்கதியும் இல்லை. கி.பி. 170-ஐ ஒட்டி தத்தியான் என்பவர் நாலு சுவிசேஷங்களையும் வெட்டி ஒட்டி ஒரே புத்தகமாக்கினார். சீரியாவில் பல தலைமுறை அதைத்தான் ஆராதனையில் வாசித்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் அங்கே பேராயராக இருந்த தெயொதோரேத் இருநூறுக்கு மேல் பிரதிகளைச் சேகரித்து எடுத்துவிட்டு, நாலு சுவிசேஷங்களையும் தனித்தனியாகத் திரும்ப வைத்தார். ஒரே கதையாக்கும் வசதி கையில் இருந்தது, வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். இதை நான் ரிட்டயர் ஆனபிறகுதான் படித்தேன், முன்னாலேயே தெரிந்திருந்தால் பிரம்பு மிச்சமாகியிருக்கும்.

அதே அதிகாரத்தில் முப்பது வெள்ளிக்காசு வசனத்தை எரேமியா சொன்னதாக மத்தேயு எழுதுகிறார், அது இருப்பதோ சகரியா 11-இல். எரேமியாவும் ஒரு நிலம் வாங்குகிறார், ஆனால் பதினேழு சேக்கல் வெள்ளிக்கு. சின்னவன் இன்னும் அதைப் பிடிக்கவில்லை, பிடிப்பான்.

ஆனால் போனை வைப்பதற்கு முன்னால் அவன் இன்னொன்றும் கேட்டான், உனக்குக் கேட்டதா தெரியவில்லை. "யூதாஸ் சாரி சொன்னா இயேசு மன்னிச்சு விட்டிருப்பாரா?" உண்மையில் நான் பயந்தது இதற்குத்தான். யூதாஸ் சாரி சொன்னான் அம்மா. மனஸ்தாபப்பட்டு, காசைத் திருப்பிக் கொண்டுவந்து, குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன், பாவஞ்செய்தேன் என்று ஆசாரியர்களிடம் சொன்னான். அவர்கள் சொன்ன பதில், "எங்களுக்கென்ன, அது உன்பாடு." நாற்பது வருஷம் வாசித்தும் அந்த வரியை நான் தாண்டிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறேன், கயிற்றைப் பற்றியே யோசித்துக்கொண்டு. இயேசு விட்டிருப்பாரா என்பதற்கு வேதத்தில் நேரான பதில் இல்லை. விட்டிருப்பார் என்றுதான் என் மனசுக்குப் படுகிறது. நம் சபைப் போதகர் ஐயர் ஒத்துக்கொள்வாரா தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முடிந்து பதினோரு மணிக்கு மேல் கூப்பிடு, போனை அவனிடம் கொடு. ரெண்டு அதிகாரத்திலும் அடையாளம் வைத்துத் தயாராக இருக்கச் சொல். நீயும் பக்கத்தில் உட்கார், உனக்கும் பாக்கி இருக்கிறது.

அப்பா