இனிப்புப் போன இஞ்சி பீரைக் காப்பாற்றியவர்களுக்கு

பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறையில் கள்ளிறக்கும் அண்ணனுக்கும், கெமிஸ்ட்ரி டீச்சருக்கும், பரணி (ஊறுகாய் ஜாடி) கொடுத்த ஊறுகாய் அக்காவுக்கும் எங்கள் குழுவின் வணக்கம்.

பந்திக்காக நாங்கள் போட்டது இஞ்சி பீர், லேசாக நொதித்து நுரைக்கும் இஞ்சி பானம். இருபது லிட்டருக்கு 2 கிலோ சர்க்கரை, 400 கிராம் இஞ்சி, ஒரு ஸ்பூன் ஈஸ்ட். ரெண்டாம் நாளே ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டியது, 32 டிகிரி சூட்டில் ஐந்து நாள் கிடந்துவிட்டது. தண்ணீரை 1 என்று வைத்து அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் 0.996 காட்டியது, சர்க்கரை முழுக்க நொதித்துத் தீர்ந்துவிட்டது. அது 20 டிகிரிக்கு அளவிட்ட கருவி, இந்தச் சூட்டில் 0.003 கூட்டிப் படிக்கணும் என்று டீச்சர் திருத்தினார். அப்படியும் 0.999தான். தொடக்கம் 1.038 என்பதால் ஆல்கஹால் 5 சதவீதம் ஏறியிருந்தது. 0.5 தாண்டினாலே சட்டப்படி மதுதான், பந்தியில் குழந்தைகளுக்கு ஊற்ற முடியாது.

போன இனிப்புக்கு மறுபடி சர்க்கரை போட்டு பாட்டிலில் அடைக்கப் போன கையைப் பிடித்து நிறுத்தியது அண்ணன். ஈஸ்ட் சாகவில்லை. லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தாலே ஏறக்குறைய ஒரு லிட்டர் வாயு. நாங்கள் போட இருந்தது 50 கிராம்! கண்ணாடி தாங்காது. தித்திப்பு தீர்ந்ததுதான் வினிகருக்குத் தோது என்று வழியும் அவரே சொன்னார்.

வண்டலைக் கலக்காமல் டியூப் வைத்து 18 லிட்டர் இறுத்தோம். காய்ச்சாத கள்ளு வினிகர் நாலரை லிட்டர் சேர்த்து, மூன்று பரணியில் முக்கால் அளவு மட்டும் ஊற்றி, பழ ஈ நுழையாமல் மல் துணி கட்டி நிழலில் வைத்தோம். மேலே படரும் ஆடையை அசைக்கக் கூடாது. மூன்றாவது பரணிக்குத் துணிமேல் மூடியும் போட்டது எங்கள் அதிகப்பிரசங்கித்தனம். காற்றுப் போதாமல் நெயில் பாலிஷ் வாடை வந்தது. மூடியை எடுத்த பிறகு அடங்க ஒரு வாரம் ஆயிற்று.

ஆறாம் வாரம் டீச்சர் லேபில் சோதித்தார். 10 மில்லி வினிகரில் பினாப்தலின் (அமிலம் தீர்ந்ததும் நிறம் மாறிக் காட்டும் மருந்து) ரெண்டு சொட்டு, 0.5 நார்மல் செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடு காரம் 14 மில்லி இறங்கியதும் இளஞ்சிவப்பு நின்றது. அமிலம் 4.2 சதவீதம். வினிகர் என்று சொல்ல 3.75 இருந்தால் போதும். ஆல்கஹால் தீர்ந்தால், அதை அமிலமாக்கிய பாக்டீரியா அந்த அமிலத்தையே தின்னத் தொடங்கும் என்றதால், அன்றே 65 டிகிரியில் அரை மணி சூடாக்கி, கழுத்துவரை நிரப்பி அடைத்தோம்.

மூவருக்கும் மும்மூன்று பாட்டில் எடுத்து வைத்திருக்கிறோம். அக்கா, பரணிகளைக் கழுவியாச்சு. ஒன்றில் மட்டும் இஞ்சி வாடை போகவில்லை, மாங்காய் போடுமுன் ஒரு நாள் வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.