ஆச்சியைப் பற்றி நீ கேட்டதற்கு

அன்பு மகளுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் அக்கம்பக்கத்து இந்து ஆச்சி மவுத்தானதைப் பற்றிப் பேசும்போது, "உம்மா, அப்போ ஆச்சி நரகத்துக்குத்தான் போவாங்களா?" என்று போனில் கேட்டுவிட்டு அழ ஆரம்பித்துவிட்டாய். அழுகிற நேரத்தில் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. அதனால் எழுதுகிறேன். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படி.

காஃபிராக, அதாவது இஸ்லாத்தை ஏற்காமல் மவுத்தானவருக்காக அழக் கூடாது, அவர்கள் நரகவாசிகள் என்று அங்கே பயானுக்கு (மார்க்கச் சொற்பொழிவுக்கு) வரும் ஒரு பெண் உன்னிடம் சொன்னாளாம். அழுவதை யார் தடுத்தது? ஒரு யூதரின் ஜனாஸா (பிரேதம்) போனபோது நபி (ஸல்) எழுந்து நின்றார்கள். அது யூதருடையது ஆயிற்றே என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். "அதுவும் ஓர் உயிர்தானே?" என்று கேட்டார்கள் நபியவர்கள். புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் இருக்கிறது. பிறந்ததிலிருந்து உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவருக்கு நீ அழாமல் வேறு யார் அழுவது?

சரி, பெரிய கேள்விக்கு வருகிறேன். உன்னிடம் எதையும் மறைக்க மாட்டேன். இஸ்லாம் அல்லாத மார்க்கத்தைத் தேடுபவரிடமிருந்து அது ஏற்கப்படாது என்று குர்ஆனின் ஆல இம்ரான் சூராவில் (அத்தியாயத்தில்) 85-ஆம் ஆயத்து (வசனம்) சொல்கிறது. இணை வைப்பதை அல்லாஹ் மன்னிப்பதில்லை, அதற்குக் கீழானதைத் தான் நாடியவருக்கு மன்னிப்பான் என்று அந்நிஸா 48 சொல்கிறது. இரண்டையும் நான் ஈமான் கொண்டிருக்கிறேன். உன் மனசு ஆறட்டும் என்று எல்லா மதமும் ஒன்றுதான் என எழுதினால், நான் நம்பாததை எழுதியவளாகிவிடுவேன்.

ஆனால் அதே குர்ஆனில் பனீ இஸ்ராயீல் சூராவின் 15-ஆம் ஆயத்தையும் ஓது. ஒரு தூதரை அனுப்பாத வரை நாம் யாரையும் வேதனை செய்வதில்லை என்கிறான் ரப்பு. செய்தி போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. நம் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) இதைப் பல நூறு வருஷமாகப் பேசியிருக்கிறார்கள். ஒரு நபிக்கும் அடுத்த நபிக்கும் இடைப்பட்ட காலத்தில், அழைப்பு எட்டாமல் வாழ்ந்தவர்களை அஹ்லுல் ஃபத்ரா என்பார்கள். நபியவர்களின் பெற்றோர் அந்தக் கூட்டம்தான், ஈடேற்றம் பெற்றவர்கள்தான் என்று இமாம் சுயூத்தி தனி ரிஸாலாக்களே (சிறு நூல்களே) எழுதினார். உன் மாமியார் வீட்டார் ஹனஃபி என்ற சட்ட மரபினர். அவர்கள் பக்கம் இன்னொரு பேச்சும் உண்டு: தூதர் வராவிட்டாலும், படைத்தவன் ஒருவன் இருக்கிறான் என்பதை அறிவைக் கொண்டே அறிந்திருக்க வேண்டும் என்பார்கள். ஷாஃபிஈ மரபினரான நாம் கொள்கையில் பெரும்பாலும் அஷ்அரீ வழி. அழைப்பு வந்தால்தான் கேள்வி என்போம்.

தெரியாத ஊரில், கேள்விப்படாத காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு அது சரி, ஆச்சி நம் பள்ளிவாசல் பாங்கைத் தினமும் கேட்டவர் ஆயிற்றே என்று நீ கேட்பாய். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. இமாம் கஸ்ஸாலியின் ஃபைஸலுத் தஃப்ரிகா என்ற சின்ன கிதாபில் அதற்கு வழி கிடைத்தது. அவர் ஹிஜ்ரி 505-இல், அதாவது 1111-இல் மவுத்தானவர். சிலுவைப் படை 1099-இல் பைத்துல் முகத்தஸை (ஜெருசலேமை)ப் பிடித்ததைத் தம் வாழ்நாளிலேயே கண்டவர். அப்படிப்பட்டவர் எழுதுகிறார்: தம் காலத்து ரோம கிறிஸ்தவர்களில், துருக்கியரில் பெரும்பாலோரை அல்லாஹ்வின் ரஹ்மத்து (அருள்) சூழ்ந்துகொள்ளும், இன்ஷா அல்லாஹ் என்று.

காரணமும் சொல்கிறார். நபியின் பெயரே எட்டாதவர்கள் ஒரு வகை, அவர்களுக்கு மன்னிப்பு. நபியின் குணங்களையும் அத்தாட்சிகளையும் உள்ளபடி அறிந்தும் பிடிவாதமாக மறுத்தவர்கள் இன்னொரு வகை, அவர்கள்தான் குற்றவாளிகள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது. பெயர் எட்டியது, ஆனால் முஹம்மது என்றொரு பொய்யர் நபி என்று சொல்லிக்கொண்டார் என்று சின்ன வயசிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். உண்மைக்கு மாறானதைக் கேட்டவருக்கு அதைத் தேடிப் பார்க்க மனசு எப்படி எழும்? அதனால் அவர்களும் முதல் வகையைப் போலத்தான் என்கிறார். உண்மையை அறிய வேண்டும் என்று தேடத் தொடங்கி, தேடல் முடியும் முன்பே மவுத்தானவருக்கும் மன்னிப்பு உண்டு என்கிறார். எல்லா உலமாக்களும் இவ்வளவு தூரம் போவதில்லை, அதையும் தெரிந்துகொள். ஆனால் இதைச் சொன்னவர் இஹ்யா என்ற பெரும் கிதாபை எழுதிய கஸ்ஸாலி.

பாங்குச் சத்தம் காதில் விழுவதும் செய்தி போய்ச் சேருவதும் ஒன்றா? ஆச்சிக்கு எழுத்து தெரியாது. நம் மார்க்கத்தைப் பற்றி அவர் கேட்டதெல்லாம் டிவி செய்தியில் வருகிற குண்டுவெடிப்பும் தெருவில் பேசிக்கொள்வதும்தான். மற்றபடி, பார்த்தது நம் வீட்டை. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை அவிக்கும்போது, சாமிக்குப் படைப்பதற்கு முன்பே ஒரு சின்னத் தூக்குச்சட்டியில் உனக்கென்று தனியாக எடுத்து வைத்து, "இது படைக்கலை தாயி, பிள்ளைக்குக் குடு" என்று வாசலில் நின்று கொடுத்துவிட்டுப் போவார். நாம் எதைச் சாப்பிட மாட்டோம் என்று நாம் சொல்லி அவருக்குத் தெரியவில்லை, அவராகவே கவனித்துத் தெரிந்துகொண்டார். இப்படிப்பட்ட ஒருவரைப் பிடிவாதமாக மறுத்தவர்கள் வரிசையில் நிறுத்த எனக்கு நா எழவில்லை. சொர்க்கவாசி என்று எழுதிக் கொடுக்கவும் எனக்கு அதிகாரம் இல்லை.

முஸ்லிமுக்கே அந்த அதிகாரம் நமக்குக் கிடையாது, மகளே. நபித்தோழர் உத்மான் பின் மள்ஊன் (ரலி) மவுத்தானபோது, அல்லாஹ் உங்களைக் கண்ணியப்படுத்திவிட்டான் என்று உம்முல் அலா (ரலி) சொன்னார்கள். அது உனக்கு எப்படித் தெரியும் என்று நபியவர்கள் திருப்பிக் கேட்டார்கள். இன்னொரு ஹதீஸ் (நபிமொழி) ஸஹீஹ் முஸ்லிம் என்ற தொகுப்பில் இருக்கிறது. இன்னாரை அல்லாஹ் மன்னிக்கவே மாட்டான் என்று ஒருவர் சத்தியம் செய்தார். "நான் மன்னிக்க மாட்டேன் என்று என் பெயரால் சத்தியம் செய்ய இவன் யார்? அவரை மன்னித்துவிட்டேன், உன் அமலை (நற்செயல்களை) அழித்துவிட்டேன்" என்றான் அல்லாஹ். அது பாவியைப் பற்றியது, காஃபிரைப் பற்றியது அல்ல என்று அந்தப் பெண் சொல்லக்கூடும். இருக்கட்டும். பெயர் சொல்லி ஒருவரின் முடிவைத் தீர்த்துப் பேசுகிற நாக்குக்கு அது எச்சரிக்கை இல்லையா?

ஆச்சிக்காகப் பாவமன்னிப்புத் துஆ கேட்கலாமா என்றும் கேட்டாய். ஈமான் இல்லாமல் போனவருக்காக இஸ்திக்ஃபார் கேட்பது கூடாது என்பதுதான் உலமாக்களின் சொல். தவ்பா சூராவின் 113-ஆம் ஆயத்தை அதற்குக் காட்டுவார்கள். அதை மீறச் சொல்ல மாட்டேன். ஆனால் ஈஸா நபி சொல்வதாக மாயிதா சூராவில் வரும் ஆயத்து உனக்கு மனப்பாடம்தானே? "நீ அவர்களை வேதனை செய்தால் அவர்கள் உன் அடியார்கள், மன்னித்தால், நீயே யாவரையும் மிகைத்தவன், ஞானமிக்கவன்." அந்த ஒரே ஆயத்தை நபியவர்கள் ஓர் இரவு முழுக்கத் தொழுகையில் ஓதிக்கொண்டிருந்தார்கள் என்று அபூதர் (ரலி) சொல்கிறார்கள். ஆச்சி நினைவு வரும்போதெல்லாம் நான் அதைத்தான் ஓதுகிறேன். நீயும் ஓது.

அப்புறம், ஆச்சியின் மகளுக்கு ஒரு போன் போடு. பதினாறாம் நாள் காரியம் வெள்ளிக்கிழமை வருகிறது. அன்றைக்கு வீடு நிறைய ஆள் இருக்கும், பேச முடியாது, அதனால் முன்கூட்டியே பேசிவிடு. வாப்பாவும் நானும் போய்விட்டு வந்தோம். "பிள்ளைக்குச் சொல்லியாச்சா?" என்று அவள் இரண்டு தரம் கேட்டாள்.

வஸ்ஸலாம்,
உம்மா