பதவி விலகினால் மட்டும் போதாது: லாட்விய நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

நாடாளுமன்றமான சாய்மாவின் உறுப்பினர்கள் நூறு பேருக்கும் வணக்கம்.

தலைநகர் ரீகாவின் சோலிட்டூடே பகுதியில் நடந்ததை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2013 நவம்பர் 21, வியாழக்கிழமை மாலை, மாக்சிமா பேரங்காடியின் கூரை இடிந்து 54 பேர் இறந்தார்கள். ஆறு நாள் கழித்து பிரதமர் வால்டிஸ் டோம்ப்ரோவ்ஸ்கிஸ் அரசியல் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். எது நடந்தாலும் நாற்காலியை விடாத தலைவர்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் விலகல் கடிதம் கொடுத்ததோடு ஒரு பிரதமரின் கடமை முடிந்துவிடுவது சரியில்லை.

நான் கேட்பது இதுதான். மக்கள் உயிர் போனதற்குப் பொறுப்பேற்று விலகும் பிரதமர், தன் ஆட்சியில் எடுத்த எந்தெந்த முடிவுகளுக்கு அதில் சம்பந்தம் உண்டு, அவற்றை ஏன் எடுத்தோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். திறந்த அவையில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதைச் சட்டமாக்குங்கள். நீங்கள் அன்று விசாரணைக் குழு அமைத்தீர்கள், மறுக்கவில்லை. குழு எழுதும் அறிக்கை வேறு, முடிவெடுத்தவர் வாய் திறந்து சொல்வது வேறு.

2009 மார்ச்சில் 37 வயதில் பொறுப்புக்கு வந்தபோது டோம்ப்ரோவ்ஸ்கிஸ் கையில் கிடைத்தது காலி கஜானா. 750 கோடி யூரோ கடனுதவியை நம்பி நாடு நின்றது. அந்த ஓர் ஆண்டில் பொருளாதாரம் ஏறக்குறைய 14 சதவீதம் சுருங்கியது. அரசு ஊழியர் சம்பளத்தில் வெட்டு, மருத்துவமனைகள் மூடல், பள்ளிகள் மூடல். அதே ஆண்டில்தான் கட்டடங்களைச் சோதிக்கும் அரசின் ஆய்வுத் துறையும் கலைக்கப்பட்டு, அதன் வேலை நகராட்சிகளிடம் போனது. மக்கள் அந்த வெட்டுகளையெல்லாம் தாங்கிக்கொண்டு 2010, 2011 தேர்தல்களுக்குப் பிறகும் அவரே பிரதமராக இருக்க இடம் கொடுத்தார்கள். நாட்டைக் கரையேற்றினார் என்று சொல்பவர்களோடு நான் சண்டை போட வரவில்லை.

ஆய்வுத் துறையை மூடியதால்தான் கூரை விழுந்தது என்றும் சொல்ல மாட்டேன். கூரையைத் தாங்கிய இரும்புச் சட்டங்களின் இணைப்பு வடிவமைப்பிலேயே கோளாறு இருந்தது என்று நிபுணர்கள் கண்டார்கள். அந்தக் கூரை மேல்தான் தோட்டம் போட மண்ணும் சரளைக் கல்லும் ஏற்றினார்கள். ஆனால், ஆய்வுத் துறையை மூடிய அன்று, இனி யார் போய்ப் பார்ப்பார்கள் என்று அமைச்சரவையில் ஒருவராவது கேட்டாரா? 2014இல் கட்டடக் கட்டுப்பாட்டுக்கென்று அரசே மறுபடியும் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. தேவைதான் என்றால், நடுவில் ஐந்து ஆண்டு தேவையில்லாமல் போனது எப்படி?

நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லாது. 2020 பிப்ரவரியில் வந்த தீர்ப்பில், குற்றம் சாட்டப்பட்ட ஒன்பது பேரில் ஒரு பொறியாளர் மட்டும் குற்றவாளி, மற்ற எட்டுப் பேரும் விடுதலை. பறிகொடுத்தவர்கள் ஆறு ஆண்டுக்கு மேல் காத்திருந்து கேட்ட தீர்ப்பு அது.

அன்று கூரை விழுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே அலாரம் அடித்தது. கடையை மூடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். விழுந்த பிறகு காப்பாற்ற உள்ளே போன தீயணைப்பு வீரர்களில் மூன்று பேர், அடுத்த இடிவில் செத்துப்போனார்கள். சென்ற மாதம் ரீகாவில் வேறொரு கடையில் நான் வரிசையில் நின்றபோது அலாரம் அடித்தது. காசாளர் தலை நிமிராமல் பில் போட்டார். என் முன்னால் நின்ற மூதாட்டி, உருளைக்கிழங்கும் பாலும் இருந்த கூடையைத் தரையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வாசலைப் பார்த்து நடந்தார். நானும் பின்னால் போனேன். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். இதைப் பார்த்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

அப்புறம் இதையும் சொல்ல வேண்டும். லாட்வியா யூரோ நாணயத்துக்கு மாறிய 2014 ஜனவரி 1 நள்ளிரவில், காபந்துப் பிரதமராக இருந்த டோம்ப்ரோவ்ஸ்கிஸ் ஏடிஎம்மில் முதல் யூரோ நோட்டை எடுத்தார். கூரை விழுந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் ஐரோப்பிய ஆணையத்தின் துணைத் தலைவர். இன்றுவரை ஆணையத்தில் இருக்கிறார். கிரிஷ்யானிஸ் கரின்ஷ் 2023இல் பிரதமர் பதவியை விட்டார், அடுத்த அமைச்சரவையிலேயே வெளியுறவு அமைச்சரானார், வாடகை விமானப் பயணச் செலவு சர்ச்சையில் 2024இல் அதையும் விட்டார். தலைவர்களுக்கு ஒரு கதவு அடைத்தால் இன்னொன்று திறக்கிறது. பிள்ளையையோ தாயையோ பறிகொடுத்த வீட்டுக்கு எந்தக் கதவு திறந்தது?

கோபம் எங்கோ இழுத்துப் போகிறது, கேட்க வந்ததற்கே வருகிறேன். பத்தாயிரம் குடிமக்கள் கையெழுத்திட்டால் ஒரு கோரிக்கையை நீங்கள் எடுத்துப் பேசியாக வேண்டும் என்று உங்கள் விதி சொல்கிறது. நான் இங்கே வரி கட்டுகிறேன், ஆனால் குடிமகன் இல்லை, என் கையெழுத்து அதில் செல்லாது. ஆகவே உங்களில் ஒருவராவது இதை மசோதாவாகக் கொண்டுவர வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். விலகும் பிரதமர் அவைக்கு வந்து பதில் சொல்லட்டும். முன்னாள் பிரதமர்களையும் அழைக்க அதில் வழி வையுங்கள். 2009இன் முடிவைப் பற்றி டோம்ப்ரோவ்ஸ்கிஸ் அவர்களிடம் அந்த அவையில், அந்தக் குடும்பங்கள் பார்வையாளர் இருக்கையில் இருக்கும்போது, கேளுங்கள்.

இப்படிக்கு,
ரீகாவில் வசிக்கும் ஒரு தமிழன்